பாடும் அலைகளும் பாடி என்னும் ஊரும்

தரங்கம்பாடியைப் பற்றிய சுற்றுலாக் கையேடு எதைத் திறந்தாலும் முதற்பத்தியிலேயே ஒரு விளக்கம் காத்திருக்கும். தரங்கம் என்பது அலை. பாடி என்பது பாடுதலைக் குறிப்பது. ஆகவே தரங்கம்பாடி 'அலைகள் பாடும் ஊர்'. நாளிதழ் இணைப்புகளும் விடுதி விளம்பரங்களும் ஆய்வேடுகள் சிலவற்றின் முன்னுரைகளும்கூட இவ்விளக்கத்தைத் தயக்கமின்றி எடுத்தாள்கின்றன. விளக்கம் அழகானது; ஆனால் பிழையானது.

தமிழ் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் 'பாடி' வினைச்சொல் அன்று. குடியிருப்பைக் குறிக்கும் பெயர்ச்சொல். காட்பாடி, திருமழபாடி, ஆய்ப்பாடி, சென்னையின் பாடி என அச்சொல் தமிழகமெங்கும் விரவிக் கிடக்கிறது. ஆயர் வாழும் சிற்றூருக்கும், படை தங்கும் இடத்துக்கும் அதுவே பெயர். படை இறங்கிய இடத்தைப் 'பாடிவீடு' என்பது பழைய வழக்கு. பெங்களூருவிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்வோர் கடக்கும் வாணியம்பாடிக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. வாணியர் வாழ்ந்த பாடி என்று கொள்வதற்கு இடமிருக்க, கலைமகளாகிய வாணி அங்கே பாடினாள் என்ற கதை மக்களிடையே வழங்குகிறது. இரண்டு ஊர்களிலும் நிகழ்ந்திருப்பது ஒன்றே: பொருள் மங்கிப்போன பெயர்ச்சொல்லின் மீது, பொருள் விளங்கும் வினைச்சொல் ஏற்றப்பட்டுள்ளது. மொழியியலார் இதனை மக்கள் சொற்பிறப்பியல் என்பர்.

தரங்கம்பாடிக்குச் சான்றும் உண்டு. கடலரிப்பால் முகப்பை இழந்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சுட்டுகிறது. முதற்பெயர் ஊரார் வழங்கியது. இரண்டாவது அரசனுடைய பெயரால் இடப்பட்டது. இவற்றுள் அரசன் பெயர் மறைந்தது. 'பாடி' மட்டும் எழுநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. 'சடங்கன்', 'தரங்கம்' ஆனதற்கு ஒலிமாற்றம் மட்டுமே காரணம் ஆகாது. உயிர்களுக்கிடையில் நாமடி ஒலியான டகரம் ரகரமாகக் கேட்பது இயல்பு. சகரம் தகரமானதை அவ்வாறு விளக்க முடியாது. கடற்கரையூர் என்பதால் அலையைக் குறிக்கும் வடசொல் பழம்பெயரைத் தன்பால் இழுத்துக்கொண்டது என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஐரோப்பியர் நாவில் அவ்வூர் 'டிராங்குபார்' ஆனபோது, 'பாடி'யின் டகரம் மீண்டும் ரகரமாகக் கேட்டு 'பார்' என்று முடிந்தது.

ஒரு சொல்லின் ஈற்றுக்காக இத்தனை வாதம் தேவையா என்று கேட்கலாம். ஓர் ஊரின் வரலாற்றுச் சின்னங்கள் எவை என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அக்கேள்வி தரங்கம்பாடிக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரு பிரேசர் டவுனின் தெருக்களுக்கும் உரியது.

இன்று தரங்கம்பாடியின் சின்னங்கள் என்று பட்டியலிடப்படுபவை பெரும்பாலும் டேனியர் விட்டுச் சென்றவை. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக ஓவ் கெட்டே என்ற கடற்படைத் தலைவர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1701-இன் சீயோன் ஆலயம், 1718-இன் புதிய எருசலேம் ஆலயம், 1792-இல் மீண்டும் கட்டப்பட்ட நகர வாயில், ஆளுநர் மாளிகை, கிங் தெரு, குயின் தெரு. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை இவ்வூரின் மீனவர் குடியிருப்பைச் சூறையாடியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் இந்திய, டேனிய அமைப்புகளின் உழைப்பால் பல பழங்கட்டடங்கள் சீரமைக்கப்பட்டன. அது போற்றத்தக்க பணி. ஆயினும் கோட்டைச் சுவருக்கு வெளியே, கடலை நம்பி வாழும் மக்கள் கரையின் ஒவ்வொரு துண்டுக்கும், கடலடிப் பார்களுக்கும் இட்டு வழங்கும் பெயர்கள் எந்தச் சீரமைப்புப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. சுவருக்குள் வரலாறு, சுவருக்கு வெளியே வாழ்க்கை என்ற பாகுபாடு அப்படியே தொடர்கிறது.

இக்கோட்டை எந்த மன்னனுக்காக எழுப்பப்பட்டதோ, அந்த நான்காம் கிறிஸ்தியான் டென்மார்க்கின் ரோஸ்கில்டே நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளான். தரங்கம்பாடியின் சின்னங்களை டேனியக் கண்ணால் பார்ப்போர், அந்நாட்டு மக்கள் தங்கள் பழம்பெரும் பேராலய நகரை எவ்வாறு பார்க்கின்றனர் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

ரோஸ்கில்டேயில் பத்தாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் அரசன் ஹரால்டு மரத்தாலான தேவாலயம் ஒன்றை எழுப்பினான் என்பது மரபு. இன்று காணும் செங்கற் பேராலயத்தின் கட்டுமானம் 1170-களில், ஆயர் அப்சலோன் காலத்தில் தொடங்கியது. டென்மார்க்கின் அரசர்களும் அரசியருமாக ஏறத்தாழ நாற்பது பேர் அங்கே உறங்குகின்றனர். 1995-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் தலைநகரத் தகுதி கோப்பன்ஹேகனுக்குச் சென்றது. 1536-இன் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் ஆயர் பீடமும் சென்றது. 1922-இல்தான் ரோஸ்கில்டே மீண்டும் மறைமாவட்டத் தலைமையிடமாயிற்று. ஆட்சியும் பீடமும் நீங்கிய நூற்றாண்டுகளிலும் பெயர் நீங்கவில்லை. 'கில்டே' என்பது டேனிய மொழியில் நீரூற்று. 'ரோ' என்பது ரோவார் அல்லது ரோ என்னும் பழங்கதை அரசனின் பெயர் என்பர். ஆள்பெயரும் இடத்தின் இயல்பைக் கூறும் பொதுச்சொல்லும் இணைந்த ஆக்கம் அது. சடங்கன்பாடியின் ஆக்கமும் அதுவே.

அந்நகரின் மற்றொரு சின்னம் பேராலயத்தைவிட முக்கியமான பாடத்தைக் கற்பிக்கிறது. ரோஸ்கில்டேயின் கடற்கழியில் பதினோராம் நூற்றாண்டில் பகைவர் வழியை அடைப்பதற்காக மூழ்கடிக்கப்பட்ட ஐந்து கப்பல்கள் 1962-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பலின் மரவளையங்களை ஆராய்ந்தபோது, அதன் கருவாலி மரம் 1042-ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. டேனிய வீரத்தின் அடையாளம் என்று கொண்டாடுவதற்கு ஏற்ற கப்பல், அயலகத்தில் கட்டப்பட்டது. அருங்காட்சியகம் இதனை மறைக்கவில்லை. அதையே அக்கப்பலின் சிறப்பாக எடுத்துரைக்கிறது. மரத்தை விசாரித்தார்கள், மரம் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். ஊர்ப்பெயரும் அத்தகைய மரந்தான். அதன் வளையங்களை எண்ணாமல் அழகிய கதையொன்றைப் பூசி நிறுத்துவது ஆய்வாகாது.

தரங்கம்பாடியின் டேனியக் காலமே இதற்கு இன்னொரு சான்றைத் தருகிறது. 1706 ஜூலை 9-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1708-இல் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதினார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். சுவடிப் பட்டியலின் தலைப்பில் தமிழ் நூல்கள் 'மலபார்' நூல்களாக நிற்கின்றன. அன்றைய ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்றே அழைத்தனர். இலக்கண நூலின் தலைப்பிலோ மொழி தன் சொந்தப் பெயரால், 'தமூலிகா' என்று வழங்குகிறது. எட்டாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் பின்னால், தம் மொழியின் பெயர் இன்னது என்று மீண்டும் மீண்டும் சொன்ன தமிழர்கள் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அத்தமிழர்களில் பலரின் பெயர்கள் இன்று இல்லை. சமயம், வாழ்வியல், கல்வி குறித்துச் சீகன்பாலும் அவர் தோழரும் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர் எழுதிய விடைக்கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலே அறிக்கைகளாக அச்சேறின. ஐரோப்பிய வாசகர்களுக்காக மொழிபெயர்ப்பு காக்கப்பட்டது. தமிழ் மூலங்கள் கிடைக்கவில்லை. புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கின் கல்லறையைக் காணலாம். கடிதம் எழுதிய தமிழ்ப் புலவரின் தெரு எது என்று காட்ட ஒருவராலும் இயலாது. கட்டடத்தை மட்டும் சின்னமாகக் கருதும் நோக்கு இழந்தது இதைத்தான்.

டென்மார்க்கின் இந்திய உடைமைகள் தரங்கம்பாடியோடு முடியவில்லை. வங்கத்தில் 1755-இல் டேனியர் பெற்ற ஸ்ரீராம்பூருக்கு அவர்கள் மன்னன் ஐந்தாம் பிரெடெரிக்கின் பெயரால் 'பிரெடெரிக்ஸ்நகோர்' என்று பெயரிட்டனர். டேனிய அரசன் பெயரோடு இந்திய 'நகர்' ஒட்டிய விந்தையான ஆக்கம் அது. 1845-இல் தரங்கம்பாடியும் ஸ்ரீராம்பூரும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. அரசன் பெயர் கப்பலேறிவிட்டது. ஊரார் பெயராகிய ஸ்ரீராம்பூர் இன்றும் வழங்குகிறது. குலசேகரன்பட்டினத்துக்கு நேர்ந்ததே பிரெடெரிக்ஸ்நகோருக்கும் நேர்ந்தது.

ஸ்ரீராம்பூரில் இருந்து பெங்களூருவுக்கு நேரான ஒரு நூலிழை உண்டு. 1818-இல் நிறுவப்பட்ட ஸ்ரீராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் டேனிய மன்னன் ஆறாம் பிரெடெரிக் சாசனமாக அளித்தான். விற்பனையின்போதும் அவ்வுரிமை காக்கப்பட்டது. 1918-இன் வங்கச் சட்டம் அதனை உறுதிசெய்தது. பிரேசர் டவுனை ஒட்டிய பென்சன் டவுனில், மில்லர்ஸ் சாலையில், 1910 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியின் மாணவர்கள் ஸ்ரீராம்பூர் ஆட்சிக்குழுவின் பட்டங்களையே பெறுகின்றனர். டேனிய அரசனின் கையொப்பம் இவ்வட்டாரத்தில் இன்னும் செயல்படுகிறது. கல்லில் அல்லாமல் சொல்லில் வாழும் சின்னம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அக்கல்லூரியிலிருந்து சிறிது நடந்தால் பிரேசர் டவுன். 1898-இன் கொள்ளைநோய் பெங்களூரு தண்டுப் பகுதியின் நெரிசலான குடியிருப்புகளைத் தாக்கியதன் விளைவாக, காற்றோட்டமும் அகன்ற தெருக்களும் கொண்ட புறநகராக 1906-க்கும் 1910-க்கும் இடையில் இது உருவானது. அக்காலத்தில் மைசூரில் ஆங்கிலேய அரசின் ரெசிடென்டாக இருந்தவரும், அதற்குமுன் இளவயது நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசானாக இருந்தவருமான ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்கு இடப்பட்டது. பின்னாளில் சாளுக்கிய வேந்தன் புலிகேசியின் பெயரால் புலிகேசிநகர் என்ற அதிகாரப்பூர்வப் பெயர் வந்தது; சட்டமன்றத் தொகுதிக்கும் அதுவே பெயர். ஆயினும் மாஸ்க் ரோட்டில் ரமலான் மாலையில் திரளும் கூட்டத்தில் யாரை வினவினாலும் 'பிரேசர் டவுன்' என்றே விடை வரும். பிரேசர் என்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. ஆள்பெயர் தன் ஆளை இழந்து முழுமையான ஊர்ப்பெயராகிவிட்டது. ரோஸ்கில்டேயின் 'ரோ'வும் சடங்கன்பாடியின் 'சடங்க'னும் கடந்து வந்த பாதை இதுதான்.

பிரேசர் டவுனும் ஒரு வகையில் 'பாடி'தான். 1809 முதல் ஆங்கிலேயப் படை தங்கிய பகுதியைப் பழைய பெங்களூரு மக்கள் 'தண்டு' என்றனர். தண்டு என்றால் படை. கன்னடத்திலும் தமிழிலும் பொருள் ஒன்றே. படைக்குப் பின்னே வட ஆற்காட்டிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வணிகரும் கொத்தனாரும் குயவரும் வீட்டுவேலை செய்வோரும் வந்தனர். பாடிவீட்டைச் சூழ்ந்து பாடி வளர்ந்தது. 1949-இல் தண்டும் பழைய பேட்டையும் ஒரே மாநகராட்சியாயின. ஆனால் தெருப்பெயர்களில் அந்த இணைப்பு இன்னும் முழுமையடையவில்லை. 'தர்மராஜா கோயில் தெரு' என்பதில் ஆங்கில எழுத்தில் நிற்கும் 'கோயில்' என்ற சொல், அதை முதலில் சொன்னவர் பேசிய மொழிக்குச் சாட்சி. 'எம்.எம். ரோடு' என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின்னே மாதவராய முதலியார் என்ற முழுப்பெயர் ஒளிந்திருக்கிறது. நாள்தோறும் அச்சாலையில் நடப்போரிலும் அதை அறிந்தவர் சிலரே. அருகிலுள்ள சிவாஜிநகரின் பழம்பெயர் 'பிளாக்பள்ளி'. வெள்ளரிசி விளைந்த ஊர் என்ற பொருளில் 'பிளி அக்கி ஹள்ளி' என்னும் கன்னடத் தொடரே ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. வெண்மையைக் குறித்த பெயர் கருமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிப் போயிருக்கலாம் என்பதே ஒரு தனிப் பாடம்.

இங்கேதான் அக்கறைக்குரிய செய்தி இருக்கிறது. தரங்கம்பாடிக்கு 1306-இன் கோயிலும் கல்வெட்டும் இருந்தன. அழகிய பிழை பரவிய பிறகும் அதனை மறுக்க வழியிருந்தது. பிரேசர் டவுனின் சந்துகளுக்கும் மூலைகளுக்கும் கல்வெட்டு இல்லை. 'ரேஷன் கடை முக்கு', 'பழைய கிணற்றுச் சந்து' என்றாற்போல் இடங்களைச் சுட்டும் பேச்சுவழக்கு முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்வது. ஒரே தெருமுனைக்குத் தமிழர் ஒரு பெயரும், தக்கணி உருது பேசுவோர் ஒரு பெயரும், கன்னடர் ஒரு பெயரும் வழங்குவதும் இத்தகைய வட்டாரங்களின் இயல்பு. தனிவீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழும்போது அப்பெயர்களைச் சொல்வோரும் இடம்பெயர்கின்றனர். கட்டடம் இடிவதை நிழற்படமாவது காட்டும். பெயர் இறப்பதற்குச் சாட்சி கிடையாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஊர்ப்பெயராய்வு விரைவில் உரிமைப் போராட்டமாக மாறிவிடும். 'இந்தப் பெயர் எங்கள் மொழி, எனவே இந்த ஊர் எங்களுடையது' என்ற முழக்கத்துக்கு ஆய்வாளர் கருவி வழங்கலாகாது என்பர். மொழியின் பெயரால் காயங்கள் கண்ட பெங்களூருவில் இவ்வச்சம் நியாயமானது. ஆனால் உரிமை முழக்கங்கள் தழைப்பது சான்று இல்லாத இடத்தில்தான். 'தண்டு' இரு மொழிகளுக்கும் பொது என்று அறிந்தவர் அதனை ஒரு மொழிக்கு எழுதிவைக்க மாட்டார். பிரேசர் டவுன் என்ற பெயரை ஆங்கிலேய அடிமைத்தனத்தின் எச்சம் என்று அழிக்க விரும்புவோரும், அதனைத் தங்கள் பழம்பெருமையாகக் கொண்டாடுவோரும் ஒருசேர மறப்பது, அப்பெயரை ஒரு நூற்றாண்டாகத் தம் நாவில் வைத்துத் தமதாக்கிக்கொண்ட பல மொழி மக்களை. நேர்மையான ஆய்வு அவர்களையே முன்னிறுத்தும். டப்ளின் மரத்தை ஒப்புக்கொண்டதால் ரோஸ்கில்டேயின் பெருமை குறைந்துவிடவில்லை.

மக்கள் சொற்பிறப்பியலை எள்ளி நகையாடுவதும் ஆய்வாளர் கடன் அன்று. அலைகள் பாடுகின்றன என்று ஒரு தலைமுறை நம்பியதும் வரலாறே; வாணி பாடினாள் என்ற கதையும் பதிவுக்குரியதே. அவற்றைப் பதிவு செய்கையில் 'இது மக்கள் விளக்கம்; இது கல்வெட்டுச் சான்று' என்று பிரித்து எழுத வேண்டும் என்பதே வேண்டுகோள். ஆய்வேட்டின் முன்னுரையில் அழகுக்காக ஒரு பிழையைச் சேர்ப்பவர், அடுத்து வரும் மாணவருக்கு அதனைச் சான்றாக விட்டுச் செல்கிறார்.

செய்ய வேண்டிய பணி பெரிதன்று. முதுகலை மாணவர் ஒருவர், ஒரு பருவத் திட்டப்பணியாக, ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். அதில் வாழும் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, ஆங்கிலம் பேசும் முதியோரிடம் அத்தெருவுக்கும் அதன் மூலைகளுக்கும் மரங்களுக்கும் கடைகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களை, அவர்கள் ஒலிக்கும் வண்ணமே பதிவுசெய்யலாம். ஆலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகள், பள்ளிவாசல்களின் பழைய ஆவணங்கள், கல்லறைக் கற்கள், வீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றில் வரும் முகவரிகளோடு அவற்றை ஒப்பிடலாம். தரங்கம்பாடியின் கடற்கரையிலும் இதே பணியை மீனவரோடு செய்யலாம். அங்கே தெருக்களுக்குப் பதில் பார்கள். கருவி என்று தேவைப்படுவது கைப்பேசியும் காத்துக் கேட்கும் பொறுமையும் மட்டுமே.

சீகன்பால்கும் அவர் தோழரும் கேள்வி கேட்டபோது தமிழர்கள் விடை எழுதினார்கள். விடை வேற்றுமொழியில் பிழைத்தது, விடையளித்தவர் பெயர் பிழைக்கவில்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கேட்பவர்கள், விடையைச் சொன்னவர் மொழியிலேயே, சொன்னவர் விரும்பினால் அவர் பெயரோடும், எழுதி வைக்க வேண்டும். பேராலயமும் கோட்டையும் தம்மைக் காக்க ஆள் தேடிக்கொள்ளும். தெருமுனையின் பெயருக்கு அதைக் கேட்டு எழுதுபவரைத் தவிர வேறு துணை இல்லை.